ஒப்பீட்டு மாதிரி இரண்டு

அலுவலகத்தில் அவளுக்கு "தெரிஞ்சதுதான் மேடம்" என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. லிஃப்டுக்குள் அவள் ஏறியதும் பேச்சு சட்டென்று நின்றுபோவதை வைத்து அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். காப்புரிமை அலுவலகத்தின் பிளாஸ்டிக் பிரிவில் பதினான்கு வருடமாக ஆய்வாளர். யாராவது ஒரு கலவையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது எங்கள் கண்டுபிடிப்பு, இருபது வருடத்துக்கு வேறு எவனும் கை வைக்கக் கூடாது" என்று உரிமை கேட்டால், அது நிஜமாகவே கண்டுபிடிப்பா, இல்லை அந்தத் தொழிலில் நாலு வருடம் கை அழுக்கான எவனுக்கும் தோன்றக்கூடியதா என்று சொல்வதுதான் வேலை. பெரும்பாலும் தோன்றக்கூடியதுதான் என்று சொல்லி அனுப்பிவிடுவாள். அதில் அவளுக்கு ஒரு அற்ப சந்தோஷமும் உண்டு. பொய் சொல்வானேன்.

இந்த வேலைக்கென்றே சட்டம் ஒரு ஆளைக் கற்பனை செய்து வைத்திருக்கிறது. "துறையில் சாதாரணத் திறமை உள்ளவர்" என்று அவருக்குப் பெயர். துறையில் அச்சான காகிதம் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். சொந்தமாக ஒரு யோசனை மட்டும் வரவே வராது. பிரிவில் பாதிப் பேர் அவரைத் தங்கள் தலைவரின் முகத்தோடுதான் நினைத்துப் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்டவருக்கே ஒரு விஷயம் தோன்றிவிடும் என்றால் அதற்கு உரிமை கிடையாது. அவருக்கும் தோன்றாது என்றால் உண்டு. நாள் முழுக்க அந்த ஆளின் மண்டைக்குள் உட்கார்ந்திருப்பதுதான் ஆய்வாளரின் பிழைப்பு.

அந்தக் கோப்பு வந்தபோதும் அவள் வழக்கம்போலத்தான் உட்கார்ந்தாள். அம்மோனியா வால்வுகளில் போடும் சீல் வளையம். பெரிய குளிர்பதனக் கிடங்குகளில் குழாய் குழாயாக அம்மோனியா ஓடும். வால்வுத் தண்டைச் சுற்றி உட்கார்ந்து அது கசியாமல் பார்த்துக்கொள்வது இந்த வளையம். கம்பெனி ஏற்கெனவே ஒரு வளையம் செய்து விற்கிறது. ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு பிளாஸ்டிக்குகளை அடித்துப் பிசைந்து செய்தது. இப்போது அதே இரண்டோடு மூன்றாவதாக ஒரு தூளைக் கொஞ்சம் சேர்த்திருக்கிறார்கள். இரண்டையும் கைகோக்க வைக்கும் தூள். அதுதான் கண்டுபிடிப்பாம்.

அரை நாள் தேடினாள். செருப்பு அடிப்பாகத்துக்கு அதே தூளைச் சேர்த்த முப்பது வருடத்துப் பழைய காகிதம் ஒன்று சிக்கியது. பழைய வளையம் ஒரு கையில், செருப்பு இன்னொரு கையில். இரண்டையும் சேர்க்க ஒருவன் மேதையாக இருக்க வேண்டியதில்லை. "யாருக்கும் தோன்றக்கூடியது. எதிர்பாராத பலன் ஏதும் இருந்தால் பழையதோடு ஒப்பிட்டுக் காட்டவும்" என்று எழுதி அனுப்பினாள்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. கம்பெனியின் முகவரை அலுவலகத்தில் எல்லோரும் "சர்க்கரை" என்பார்கள். அவர் வாயில் கசப்பான சொல் வந்து யாரும் கேட்டதில்லை. சர்க்கரை ஒரு அட்டவணை இணைத்திருந்தார். கம்பெனி முன்பே செய்து வைத்திருந்த, அம்மோனியாவில் எண்ணூறு நாள் சோதனை. புது வளையம் இருபதில் ஒன்றுகூட உடையவில்லை. ஒப்பீட்டு மாதிரி இரண்டு, அதாவது தற்போது விற்பனையில் உள்ள பச்சை நிற வளையம்: இருபதில் பத்தொன்பது உடைந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நல்லா இருக்கே என்று தோன்றியது. செருப்பில் அந்தத் தூள் ஏதோ கொஞ்சம் உறுதி கூட்டியது, அவ்வளவுதான். இங்கே பத்தொன்பதுக்குப் பூஜ்யம். யாரும் எதிர்பார்க்காத பலன் என்றால் இதுதான். ஆய்வாளர்கள் எல்லோரும் அட்டவணையை அப்படித்தான் படிப்பார்கள். பழையது எவ்வளவு மோசமோ புதியது அவ்வளவு உசத்தி. பத்தொன்பது என்ற எண் மேல் மஞ்சள் மையைத் தடவி, "திருப்திகரம், விசாரணைக்குப் பின் வழங்கலாம்" என்று ஓரத்தில் எழுதினாள். சோதனை எப்படிச் செய்யப்பட்டது என்பது முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருப்பதாகக் கீழே குறிப்பு இருந்தது. பலன் சந்தேகமாக இருந்தால்தான் யாரும் அதைத் திருப்பிப் பார்ப்பார்கள். அவளுக்குச் சந்தேகம் இல்லை. அடுத்த கோப்பை எடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி வந்திருந்தான். சமையலறைக் குழாய் ஒரு வாரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் ஃபிட்டர், அக்கா வீட்டுக்கு மட்டும் வர நேரமில்லை என்று திட்டித்தான் வரவழைத்தாள். அவன் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பதினோரு வருடமாக ஃபிட்டர். மீனும் காய்கறியும் அடுக்கி வைக்கிற பெரிய இடம். பேக்கிங்கில் மட்டும் நாற்பது பேர்.

"இதுக்குப் போயி நாலு தடவை போன் பண்ணியா? ஒரு வாஷர் போட்டா தீர்ந்துச்சு" என்றான். சட்டைப் பையில் கையை விட்டு ஒரு வளையத்தை எடுத்தான்.

பச்சை நிறம்.

"இது என்னடா?"

"எங்க பிளாண்ட்ல மிச்சம் இருந்தது. வால்வுக்குப் போடற சீல். உன் குழாய்க்கு இது ராஜ மரியாதை." அவன் சிரித்தபடி குழாயைக் கழற்றினான். "முன்னெல்லாம் மாசத்துக்கு ஒரு வால்வு கசியும், நான்தான் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடணும். எல்லா வால்வுலயும் இதை மாத்தினதுலேர்ந்து ஒரு பொட்டுக் கசிவு இல்ல. ரெண்டு வருஷம் தாண்டிடுச்சு, ஒண்ணையும் தொடலையே நான்! சம்பளம் வாங்கவே கூச்சமா இருக்கு போ."

"எப்ப மாத்தினீங்க?"

"பாப்பாவை ஸ்கூல்ல சேர்த்தோமே, அந்த வாரம். ஏன் கேக்கற?"

"சும்மாதான்" என்றாள். அவன் போன பிறகு காலண்டரை எடுத்து வைத்து நாள் நாளாக எண்ணினாள். எழுநூற்றுத் தொண்ணூற்று ஒன்று.

திங்கட்கிழமை விசாரணை. சர்க்கரை வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று வந்து உட்கார்ந்தார். அவர் வாதத்தை முடிக்கும்வரை பொறுத்திருந்து அவள் கேட்டாள்: "இந்தப் பச்சை வளையம் இப்பவும் விற்பனையில இருக்கா?"

"இருக்குங்க மேடம்."

"உடையும்னு வாங்கினவங்களுக்குச் சொல்லியாச்சா?"

சர்க்கரைக்கு முகம் மலர்ந்தது. நல்ல மாணவியைப் பார்த்த வாத்தியார் மாதிரி.

"சொல்லலைங்கறதுதானே மேடம் எங்க வாதமே! பழைய வளையத்துல கோளாறு இருக்குன்னு துறையில ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாத நோய்க்கு யாரு மருந்து தேடுவா? யாரும் தேட மாட்டாங்க. அதனாலதான் எங்க மருந்து கண்டுபிடிப்பு. நாளைக்கே நாங்க ஊரெல்லாம் சொல்லி வெச்சா, ஆளாளுக்கு ஒரு மருந்தோட வந்து நின்னு, இது யாருக்கும் தோணுமேம்பாங்க."

"அதுவரைக்கும் யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா?"

"அது முக்கியமான விஷயம்தான் மேடம், நான் இல்லைங்கல. ஆனா இந்த விசாரணைக்கு வெளிய இருக்கிற விஷயம். உங்க ஆணை வரட்டும். புதுசு வந்துடும், பழசு தானா போயிடும்."

அவர் சொன்னதில் சட்டப்படி ஒரு பிழையும் கிடையாது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒப்பிட்டுக் காட்டச் சொல்லி அவள்தான் கேட்டாள், அவர்கள் கொடுத்தார்கள்.

நேராகப் பிரிவுத் தலைவர் அறைக்குப் போனாள். அவர் கோப்பின் முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், மூடினார்.

"இது இன்னும் வெளியிடப்படாத விண்ணப்பம்மா. இதுல இருக்கிற ஒரு வரி இந்தக் கட்டடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினா வேலை மட்டும் போகாது, கோர்ட்டு வாசல்ல நிக்கணும்."

"சார், இந்த வளையம் ஓடிக்கிட்டிருக்கிற இடத்துல ஆளுங்க வேலை செய்யறாங்க."

"நாம பாக்கறது இது தெரிஞ்ச விஷயமா, இல்லையாங்கறதை மட்டும்தான். பாதுகாப்பெல்லாம் நம்ம மேஜைக்கு வர்றதில்ல." பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "உனக்கு வேண்டியவங்க யாராவது அங்க இருக்காங்களா?" என்றார்.

"இல்ல சார்" என்றாள். இருக்கிறான் என்றால் கோப்பு வேறு ஆளுக்குப் போய்விடும், புது ஆள் முதலிலிருந்து தொடங்குவான், ஆறு மாதம். நாக்கு தானாகவே அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பேருந்தில் உட்கார்ந்திருந்தால் தொண்ணூற்று இரண்டு, தொண்ணூற்று மூன்று என்று மனம் எண்ணிக்கொண்டே இருந்தது. எண்ணூறாவது நாள் விடிந்ததும் எல்லா வளையங்களும் ஒன்றுசேர்ந்து பட்பட்டென்று வெடிக்கப் போவதாகவே அவள் நினைத்தாள். வீட்டுக் குழாயைத் திறக்கக்கூட கை வரவில்லை. அதற்குள்ளும் ஒரு பச்சை வளையம் உட்கார்ந்திருந்தது.

புதன்கிழமை பதினொன்றேகால் மணிக்கு அவளால் முடியவில்லை. மாடிப்படி வளைவில் நின்று தம்பிக்குப் போன் செய்தாள்.

"டேய், நான் ஒண்ணு சொல்றேன். ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது."

"என்ன அக்கா, குரலே ஒரு மாதிரி இருக்கு?"

"அந்தப் பச்சை சீல். எல்லாத்தையும் மாத்திடு. அதுக்கு முன்னாடி போட்டிருந்த சீல் கையில இருந்தா அதையே போடு. இந்த வாரத்துக்குள்ள."

அவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். எதைப் பற்றி அவள் வாய் திறக்க மாட்டாள் என்பதும் தெரியும்.

"உன் ஆபீஸ்ல ஏதாவது வந்துச்சா?"

"கேக்காதேன்னு சொன்னேன்ல?"

"சரி, சரி. நீ சும்மா சொல்ல மாட்ட. இன்னிக்கே ஆரம்பிச்சுடறேன். பன்னெண்டரைக்குப் பேக்கிங் ஆளுங்க சாப்பிடப் போவாங்க. அவங்களை முத்தத்துல உக்காரச் சொல்லிட்டு, நான் மட்டும் உள்ள போய்ப் பாக்கறேன். யார்கிட்டயும் உன் பேரை எடுக்க மாட்டேன், போதுமா? போய் வேலையைப் பாரு."

மூன்று நாளில் முதல் தடவையாக அவள் மூச்சு சீராக வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு இருக்கைக்குத் திரும்பினாள். ஆணையை எழுதி முடித்துவிட்டால் புது வளையம் சீக்கிரம் வரும், மற்ற இடங்களும் தப்பிக்கும் என்று நினைத்து, கோப்பைத் திறந்து எழுதத் தொடங்கினாள். உரிமை வழங்கும் ஆணையில் சோதனை எப்படி நடந்தது என்று இரண்டு வரி சேர்க்க வேண்டும், அது நடைமுறை. அதற்காகத்தான் முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பினாள்.

வளையங்கள் ஒவ்வொன்றும் வால்வுத் தண்டில் இறுக்கப்பட்டு, அம்மோனியாவில் எண்ணூறு நாள் அசையாமல் வைக்கப்பட்டன. இந்தக் காலத்தில் இரண்டு வகையிலும் விரிசலோ கசிவோ இல்லை. அதன்பின் தண்டு கால் சுற்று திருப்பப்பட்டது. ஒப்பீட்டு மாதிரி இரண்டில் பத்தொன்பது வளையங்கள் முதல் திருப்பத்திலேயே உடைந்து விழுந்தன.

இரண்டாவது தடவை படிக்கும்போது எழுத்துகள் ஆடின. எண்ணூறு என்பது வளையத்தின் ஆயுள் இல்லை. அது சும்மா இருந்த நாள் கணக்கு. சும்மா இருக்கிறவரை அதற்கு ஒன்றும் ஆகாது. திருப்பினால்தான் நொறுங்கும். வளையத்தை மாற்றச் சொன்னால் எந்த ஃபிட்டரும் முதலில் என்ன செய்வான்? குழாயில் ஓட்டத்தை நிறுத்த வால்வை மூடுவான். தண்டைத் திருப்புவான். அதற்கு யோசிக்கக்கூட வேண்டாம்.

மணி பன்னிரண்டு நாற்பத்திரண்டு.

தம்பியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. இயந்திர அறைக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது, வெளியே அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான். கிடங்கின் வாசல் நம்பரைத் தேடி அடித்தாள். காவலாளி எடுத்தார்.

"ஃபிட்டர் எங்க இருக்காரு?"

"உள்ள இருக்காரும்மா. எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு அவர் மட்டும் போனாரு. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு."

"ஓடுங்க! எதையும் திருப்ப வேண்டாம்னு சொல்லுங்க. அக்கா சொன்னான்னு சொல்லுங்க. திருப்பக் கூடாது, ஓடுங்கய்யா!"

காவலாளி ரிசீவரை மேஜை மேல் வைத்துவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. நல்ல மனுஷன், நிஜமாகவே ஓடினார். அப்புறம் கொஞ்ச நேரம் முற்றத்தில் சாப்பிடுகிறவர்களின் பேச்சும் சிரிப்பும் மட்டும் கேட்டது. அந்தச் சிரிப்பு ஒரு மூலையிலிருந்து நின்றுகொண்டே வந்தது. பிறகு யாரோ இருமினார்கள். பிறகு எல்லோரும் இருமினார்கள்.

அம்மோனியா ஈரத்தைத் தேடிப் போகும். முதலில் கண்ணுக்குப் போகும். தம்பியை நான்கு பேர் ஈரத்துணியால் முகத்தைச் சுற்றிக்கொண்டு போய் இழுத்து வந்தார்கள். முற்றத்தில் இருந்த நாற்பது பேருக்கும் தொண்டை எரிச்சலோடு போயிற்று. ஒன்பதாம் நாள் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வலது கண் போய்விட்டது, இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும் என்றார் மருத்துவர். பின்னால் நின்ற தம்பி மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மனைவி வெளியே போனதும் தம்பி கையால் துழாவி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அக்கா, விசாரிக்க வந்தாங்க. யாரு சொல்லி உள்ள போனேன்னு கேட்டாங்க. யாரும் சொல்லல, வழக்கமான சோதனைதான்னுட்டேன். நீ பயப்படாதே. காவலாளிகிட்டயும் சொல்லி வெச்சாச்சு." குரல் தேய்ந்திருந்தது. தொண்டையும் வெந்திருந்தது. "நல்லவேளை நீ முன்னாடியே சொன்ன. இல்லேன்னா நாற்பது பேரும் உள்ள இருக்கும்போது போயிருக்கும்."

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவனுக்கு அது தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

இருபத்திரண்டு நாள் கழித்துச் சர்க்கரையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கூடுதல் சான்று, இணைப்பு நான்கு. நின்றபடியே பிரித்தாள்.

"சமீபத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் நேர்ந்த விபத்தை மாண்புமிகு ஆய்வாளரின் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். எழுநூற்றுத் தொண்ணூற்று நான்கு நாள் பயன்பாட்டில் இருந்த பழைய வளையம் முதல் திருப்பத்திலேயே உடைந்தது. இது எங்கள் அட்டவணையை உறுதிப்படுத்துகிறது. மேலும், பதினோரு வருட அனுபவம் கொண்ட, துறையில் சாதாரணத் திறமை உள்ள பணியாளரே எவ்விதச் சந்தேகமும் இன்றி அந்த வால்வைத் திருப்பியிருக்கிறார். விசாரணையில் அவர் அளித்த வாக்குமூலம் இணைக்கப்பட்டுள்ளது. பழைய வளையத்தின் குறையைத் துறையில் எவரும் அறிந்திருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று இருக்க முடியாது. தங்கள் ஆணை கிடைத்ததும், பழைய வளையங்கள் உள்ள மற்ற அறுபத்திரண்டு கிடங்குகளிலும் மாற்றும் பணி தொடங்கும்."

வாக்குமூலத்தின் அடியில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தம்பியின் கட்டைவிரல் ரேகை இருந்தது. கோட்டுக்கு வெளியே, கோணலாக.

அவள் உட்கார்ந்தாள். அறுபத்திரண்டு கிடங்குகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஃபிட்டர் புது வளையப் பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டு, முதல் வேலையாக வால்வை மூடப் போவான். அவர்களுக்கு யார் சொல்வது? கோப்பு ரகசியம், முப்பத்தொன்றாம் பக்கம் ரகசியம். ஆணை மட்டும்தான் ரகசியம் இல்லை. கையெழுத்தான மறுநாளே யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் அதில் இணைப்பு நான்குக்கும் பதில் எழுத வேண்டும்; உண்மையை எழுதினால் தம்பி கண்ணைக் கொடுத்துவிட்டு அவளுக்காகக் காத்த ரகசியமும் அதோடு போகும், வேலையும் போகும், கோர்ட்டும் வரும். அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு, காரணம் எழுதும் கட்டத்தில் கையை வைத்தாள்.

"உரிமை வழங்கலாம், அட்டவணை போதுமானது. பச்சை வளையம் உள்ள எந்த வால்வையும், மாற்றுவதற்காகக்கூட, அம்மோனியா இருக்கும்போது யாரும் திருப்பக் கூடாது. திருப்பினால் உடையும் என்று இந்தக் கோப்பின் முப்பத்தொன்றாம் பக்கம் சொல்கிறது. இணைப்பு நான்கை ஏற்க முடியாது. அதில் குறிப்பிடப்படும் பணியாளருக்குச் சந்தேகம் இருந்தது. அன்று காலை பதினொன்றேகால் மணிக்கு அவருடைய அக்காவாகிய நான், அந்த வளையங்களை மாற்றிவிடும்படி அவரிடம் போனில் சொன்னேன். முப்பத்தொன்றாம் பக்கத்தைப் படிக்காமல் சொன்னேன்."